அம்மையீர் என்று ஒரு மோசடி

நான் ஒரு செக்யூரிட்டி ஆபீசர். இதை எங்கே சொன்னாலும், கேட்பவரின் கண் ஒரு தடவை என் இடுப்புக்கு இறங்கி, அங்கே டார்ச் லைட் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வரும். என் மாமனார் தன் சிநேகிதர்களிடம், "மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்காரு" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர்களும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நைட் டூட்டியெல்லாம் உண்டா மாப்ள?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

நான் காவல் காப்பது, லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் போன்களையும். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் எங்கள் பொறுப்பு. எங்கள் ஆபீசுக்கு மட்டும் படியேறித்தான் வர வேண்டும். மூச்சிரைக்க வந்து சேரும் வாடிக்கையாளர்களிடம் முதலாளி, "உடம்புக்கு நல்லது சார்" என்பார். என் அறை முன்பு துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையாக இருந்தது. இப்போதும் அவை இருக்கின்றன. கூடுதலாக ஒரு சர்வரும் நானும்.

என் வேலையில் முக்கியமானது, ஊழியர்கள் யாரும் மோசடி மெசேஜில் விழாமல் பார்த்துக்கொள்வது. இதற்காக எல்லாருடைய ஆபீஸ் போனிலும் சிவப்பாக ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். சந்தேகமாக ஏதாவது மெசேஜ் வந்தால் அதை அழுத்த வேண்டும். மெசேஜ் என்னிடம் வந்துவிடும். நான் அதை ஆராய்ந்து 'மோசடி' அல்லது 'உண்மையானது' என்று தீர்ப்பு எழுதுவேன். 'உண்மையானது' என்று இதுவரை எழுதியதில்லை. வாய்ப்பு வரவில்லை என்பதைவிட, எனக்கு மனசு வரவில்லை என்பதே சரி.

போன மாதம் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினேன். மெக்கானிக்குகள் பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்புவதற்காக, தயாரித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, மனதில் பட்டதைச் சொன்னேன்.

"நம்ம ஆளுங்க யாராவது மெசேஜ்ல 'தங்கள்'னு எழுதி நீங்க பார்த்திருக்கீங்களா? 'தாங்கள்', 'இங்ஙனம்', 'விருப்பம் இருப்பின்'... இதெல்லாம் யாருங்க எழுதறா? எங்கேயோ உக்காந்திருக்கற ஒரு திருடன், மெஷின்ல போட்டுத் தமிழாக்கி அனுப்பறான். அதனால ஒரு மெசேஜ்ல தப்பே இல்லாத தமிழ் இருந்தா, அதுதான் பெரிய தப்பு. யோசிக்காதீங்க. பட்டன அழுத்துங்க!"

கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் ஒரு பயிற்சி வகுப்பில் கைதட்டல் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்தில் இன்னும் இரண்டு அறிவுரைகளை அள்ளி வீசினேன். சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் போனைத் தொடக்கூடாது. தன் பெயர், விலாசம் மாதிரியான எதையும் மெசேஜில் எழுதக்கூடாது.

அந்த வகுப்பில் நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடிக்கப்போகிற ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இதை நான் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடம். சொல்ல முடியவில்லை.

ஒருத்தி, எங்கள் கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்கிற பெண். மெக்கானிக்குகள் எல்லாரும் "கன்ட்ரோல், கன்ட்ரோல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே அவள் பெயராகிவிட்டது. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அலாரத்தை அழுத்தினால் இவள் காதில்தான் ஒலிக்கும். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், மாமியாரோடு மாட்டிக்கொண்டவர்கள் என்று எல்லாரையும் ஆள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்தே உட்கார வைப்பாள். ஒரு முறை உள்ளே மாட்டிய ஒருவர், கதவு திறந்த பிறகும், "இருங்க, கதைய முடிச்சுட்டு வர்றேன்" என்று வெளியே வர மறுத்திருக்கிறார்.

இன்னொருவன், ஸ்பேனர். நெடுநெடுவென்று ஒல்லியாக இருக்கும் மெக்கானிக். போனில் அவனுக்கு மொத்தம் இரண்டே வசனம். "கிளம்பிட்டேன்." "திறந்தாச்சு." எதிரில் நின்று பேசினால் அதுவும் கிடையாது, சிரிப்பு மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை, கன்ட்ரோல் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். என் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது இது:

'பெருமதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தினமும் தங்களோடு பேசும் வாய்ப்புப் பெற்ற பலருள் நானும் ஒருவன். அடைபட்டுக் கிடப்பவர்கள் தங்கள் குரலைக் கேட்டதும் அச்சம் நீங்குவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். எனக்கும் நெடுநாளாக ஓர் அச்சம் உள்ளது. அதுவும் அவ்வாறே நீங்குமென எதிர்பார்க்கிறேன். தங்களுக்கு விருப்பம் இருப்பின், வரும் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குள் கீழுள்ள இணைப்பை அழுத்தவும். இந்த வாய்ப்பு தங்களுக்கு மட்டுமே உரியது. தயவுசெய்து இதனை வேறு எவருடனும் பகிர வேண்டாம். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள.'

கீழே நீல நிறத்தில் ஒரு இணைப்பு. அனுப்பிய நம்பர், யாருக்கும் தெரியாத புது நம்பர்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாற்காலியோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி, துடைப்பத்தைத் தட்டிவிட்டேன். ஒரு மோசடி மெசேஜுக்கு என்னென்ன லட்சணம் வேண்டுமோ எல்லாம் ஒரே மெசேஜில்! கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன்.

"பிரமாதம்மா! அழுத்தலையே?"

"இல்ல சார். 'தங்கள்'னு பாத்ததுமே பட்டன அழுத்திட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா சார், எங்கிட்ட பேசறவங்கன்னு எழுதியிருக்கே. எப்படித் தெரியும்?"

"அதுதாம்மா இதுல விசேஷம். பொதுவா ஊருக்கெல்லாம் வலை வீசுவான். இவன் உங்களுக்குன்னே தூண்டில் செஞ்சிருக்கான். 'நேரில் கண்டிருக்கிறேன்'னு இருக்கு பாருங்க. எப்படிக் கண்டான்? லிஃப்ட் கேமராவுக்குள்ள பூந்துட்டான்!"

அவள் முகம் வெளுத்தது. எனக்கு அது பாராட்டு மாதிரி இருந்தது. அந்த நம்பரைக் கம்பெனியின் எல்லா போன்களிலும் தடை செய்தேன். நகரத்தில் எங்கள் பொறுப்பில் உள்ள எல்லா லிஃப்ட் கேமராக்களுக்கும் பாஸ்வேர்டை மாற்றினேன். முதலாளியிடம் போய், "சர்வதேசக் கும்பலா இருக்கலாம் சார்" என்றேன். அவர், "நம்மளையா?" என்று கேட்டார். பயத்தைவிட அவர் குரலில் சந்தோஷம் அதிகம் இருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காபி மெஷின் பக்கத்துச் சுவரில் நான் மாதாமாதம் ஒட்டுகிற எச்சரிக்கைத் தாள்களை யாரும் படித்ததில்லை. சூடான கப்பைப் பிடித்துக்கொள்ளக் கிழித்துக்கொண்டு போவார்கள். இந்த முறை விடக்கூடாது என்று, அந்த மெசேஜைப் பெரிதாக அச்சடித்து, சந்தேகத்துக்குரிய வார்த்தைகள் மேலெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு, 'இந்த வாரத் தூண்டில்' என்று தலைப்பும் கொடுத்து ஒட்டினேன். யாருக்கு வந்தது என்பதை மட்டும் மறைத்தேன். அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு.

சுவர் முன்னால் கூட்டம் கூடியது. நான் என் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தனை விமர்சனத்தையும் ரசித்தேன்.

"அம்மையீராமே!" என்றாள் கணக்கு அக்கா. எங்கள் கணக்கெல்லாம் பார்ப்பவள். போன் தன் பேச்சை ஒட்டுக் கேட்கிறது என்று உறுதியாக நம்புவதால், சம்பளம் பற்றிப் பேசும்போது மட்டும் போனை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவாள். "நான் செருப்புன்னு வாயத் திறந்தா செருப்பு விளம்பரம் வருது. இவனும் அப்படித்தான் ஒட்டுக் கேட்டிருக்கான்."

"ஒட்டுக் கேக்கறதே அந்தப் பெரிய கம்பெனிக்காரனுங்கதான்" என்றார் தலைவர். மெக்கானிக்குகளில் மூத்தவர் என்பதால் அவர் தலைவர். "நம்ம போன வேணும்னே மெதுவாக்கி, புதுசு வாங்க வெப்பானுங்க. நான் அப்டேட்டே பண்றதில்ல. என் போன் கல்லு மாதிரி இருக்கு."

"கல்லு மாதிரிதான் இருக்கு தலைவரே. போன வாரம் உங்களுக்கு நான் அனுப்பின மெசேஜ் இன்னும் வந்து சேரல" என்றான் ஒரு மெக்கானிக்.

"வராது. அதுக்குத்தான் அப்டேட் பண்ணாம வெச்சிருக்கேன்."

ஸ்பேனர் அந்த வாரம் முழுக்க வெளி வேலையில் இருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ஆபீசுக்கு வந்தான். காபி எடுக்கப் போனவன், கப்பை மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றான். காபி நிரம்பி வழிந்து தரைக்கு வந்தது. அவன் நகரவில்லை. நான்தான் ஓடிப் போய் மெஷினை நிறுத்தினேன். அவன் காது இரண்டும் என் வட்டங்களைவிடச் சிவப்பாக இருந்தன.

என் பின்னாலேயே அறைக்கு வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், 'அம்மையீர்'ல என்ன சார் தப்பு?"

"தப்பே இல்லப்பா. அதுதான் தப்பு. இந்தக் காலத்துல யாரு அம்மையீர்னு எழுதறா, திருட்டுப் பயலத் தவிர?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"நான் எழுதுவேன் சார்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும், புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"நீயா? ஏன்ப்பா... இது வேற நம்பராச்சே?"

"சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் போனத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இதுக்குன்னே புது சிம் வாங்கினேன்."

"பேரு? பேரு ஏன் போடல?"

"பேரெல்லாம் மெசேஜ்ல போடாதீங்கன்னு..."

"சரி, சரி. அந்த 'இணைப்பை அழுத்தவும்'?"

"மேப் சார். பார்க் எதிர்ல காபிக் கடை. வழி தெரியாம கஷ்டப்படக் கூடாதில்ல?"

"'வேறு எவருடனும் பகிர வேண்டாம்'?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது என்பது தெரிந்தது. வெளியே யாரோ, "தாங்கள் காபி பருக விருப்பம் இருப்பின்" என்று சத்தமாகச் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

"இத ஏன்ப்பா பேசற மாதிரியே எழுதியிருக்கக் கூடாது? 'எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, காபி சாப்பிடலாமா'ன்னு?"

"அது விளையாட்டு மாதிரி ஆயிடும் சார்" என்றான். "ஆயிரம் பேர் ஆயிரம் மெசேஜ் அனுப்பறாங்க. முக்கியமான விஷயம்னா ஒழுங்கா எழுதணும்ல? மரியாதையா இருக்கணும்ல? எத்தனை தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன் தெரியுமா? படிச்சதுக்கு டிக் விழுந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே வரல. சரி, பிடிக்கலன்னு நெனச்சேன். அதுகூடப் பரவால்ல சார். ஆனா சொவத்துல ஒட்டி..." அவன் முடிக்கவில்லை. "மன்னிச்சுக்கங்க, உங்களக் குத்தம் சொல்லல. திங்கக்கிழமை மொதலாளிகிட்ட சொல்லி நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கிளைக்கு மாத்தல் கேக்கப் போறேன். நான்தான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க சார். அவங்ககிட்ட கண்டிப்பா."

சத்தியம் செய்தேன். அவன் போனதும் ஓடிப் போய்ச் சுவரில் இருந்ததைக் கிழித்தேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்ததால், சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது. 'அம்மையீர்' மட்டும் வரவே இல்லை. அதன்மேல் தீயணைப்புக் கருவியை மாற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் என் மனைவி போனை நீட்டினாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுவாள்.

"இத பாத்தீங்களா? எங்க சித்தி அனுப்பியிருக்காங்க. இத அழுத்தினா போன் வெடிச்சிருமாம், உள்ள இருக்கற போட்டோவெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிருமாம். பத்துப் பேருக்கு அனுப்பணுமாம்."

என் சுவர். என் சிவப்பு வட்டங்கள். கணக்கு அக்கா படம் எடுத்ததை நான் கவனிக்கவில்லை. அது அவள் வீட்டுக் குரூப்புக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, என் சோபாவுக்கே வந்துவிட்டது. ஆபீஸ் முழுக்கக் காவல் போட்டவனால் ஒரு தாளைக் காக்க முடியவில்லை.

"போன் வெடிக்காது" என்றேன் ஈனக்குரலில்.

அவள் இன்னொரு முறை படித்தாள். "ஏங்க, இது மோசடி மாதிரி தெரியலையே. யாரோ பயந்தாங்கொள்ளி எழுதின மாதிரி இருக்கு. பணம் கேக்கலை, நம்பர் கேக்கலை. 'எனக்கும் ஓர் அச்சம்'னு எழுதியிருக்கு. எந்தத் திருடன் தனக்குப் பயமா இருக்குன்னு எழுதுவான்? எந்த முட்டாள் இதுக்கு வட்டம் போட்டது?"

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன். வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர் என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பாவம்ங்க அந்தப் புள்ள. போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"சத்தியம் பண்ணிட்டேனே."

"யாருன்னு சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம்? மோசடி இல்லன்னு சொல்லலாமில்ல? அது உங்க வேலைதானே? தப்பா எழுதின தீர்ப்பத் திருத்தி எழுதுங்க." எழுந்து போனவள் திரும்பி வந்தாள். "நீங்க மட்டும் என்ன? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு அனுப்பின மொத மெயில்ல, 'இத்துடன் என் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது'ன்னு எழுதினீங்க. இணைக்கவே இல்ல."

சனிக்கிழமை ஆபீசில் இருப்பவர்களுக்கு மட்டும் அரை நாள் வேலை. காலையில் முதல் வேலையாக அந்தப் புகாரைத் திறந்தேன். 'மோசடி' என்று இருந்ததை அழித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக 'உண்மையானது' என்று எழுதினேன். கம்ப்யூட்டருக்கே நம்பிக்கை வரவில்லை. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். 'காரணம்?' என்றது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'பரிசோதகர் மடையன்' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டு, மெசேஜை அவள் போனுக்கே திருப்பி அனுப்பியது.

அடுத்த நிமிடம் கன்ட்ரோல், தலையில் ஹெட்போனோடு என் வாசலில் நின்றாள். ஒயர் அவள் பின்னால் தரையில் இழுபட்டது.

"சார், என்ன சார் இது? உண்மையானதா?"

"ஆமாம்மா. மறு ஆய்வு செஞ்சேன்."

"கேமராவுக்குள்ள பூந்த கும்பல்?"

"அப்படி ஒரு கும்பல் இல்லம்மா."

"அப்ப அந்த இணைப்பு?"

"சோதிச்சுப் பாத்தேன். பாதுகாப்பானது. பார்க் எதிர்ல ஒரு காபிக் கடை. காபி சுமாராத்தான் இருக்கும். உக்கார இடம் நல்லாருக்கும்."

அவள் ஒயரை விரலில் சுற்றினாள். பிறகு மெதுவாக, "நான் அத அன்னிக்கே அழிச்சுட்டேன் சார். ஆனா அந்த வரி மனசுலயே நின்னுச்சு. நம்ம குரலக் கேட்டா யாருக்கோ பயம் போகுதுன்னு ஒருத்தர் பக்கத்துல நின்னு கவனிச்சிருக்காரேன்னு. திருடனா இருந்தாலும் நல்லா எழுதியிருக்கான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "யாரு சார்?"

"அத மட்டும் கேக்காதம்மா. சத்தியம்."

"நேர்ல பாத்திருக்காருன்னா, கதவு திறக்கப் போனவரு. அப்ப மெக்கானிக்கா?"

நான் சர்வரைப் பார்த்தேன். என் முகத்துக்குப் பாஸ்வேர்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து படித்துக்கொள்ளலாம்.

"சரி சார். நீங்க சொல்ல வேணாம். அனுப்பினது யாருன்னு நானே உறுதிப்படுத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் பின்னால் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என்னைக் கட்டிப் போட்டிருந்தாலும் தூணோடு போயிருப்பேன்.

கன்ட்ரோல் ரூமில் அவள் தன் போனில் அந்த இணைப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, முதலில் தலைவரைக் கூப்பிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வணக்கம். தாங்கள் இப்போது எவ்விடத்தில் இருக்கிறீர்கள்?"

அந்தப் பக்கம் தலைவர், "யாரும்மா அது? கன்ட்ரோலா? ஐயையோ, அந்த வைரஸ் உன் வாய்க்குள்ளயும் பூந்துருச்சா? அதுக்குத்தான் அப்டேட் பண்ணாதன்னு..."

"நன்றி. பிறகு அழைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்தவன், "ராங் நம்பர்" என்று சொல்லி, அவளே வைப்பதற்கு முன் வைத்துவிட்டான். அவனுக்கு அடுத்தவன், "அக்கா, எந்த நாடகத்துல சேந்திருக்கீங்க? எனக்கும் டிக்கெட் குடுங்க" என்றான். இன்னொருவர் பயந்துபோய், "ஏதாவது என்கொயரியா மேடம்? நேத்து அந்தக் கட்டடத்துல நான் சீக்கிரம் கிளம்பினது உண்மைதான், ஆனா தலைவலி" என்று கேட்காத குற்றத்தை ஒப்புக்கொண்டார். கன்ட்ரோல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. போகப் போக அடுத்த நம்பரை அழுத்துவதற்கு விரல் கொஞ்சம் தயங்குவதை நான் பார்த்தேன். அந்த விரல் எந்த நம்பரைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதையும் பார்த்தேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. நான் செக்யூரிட்டி ஆபீசர்.

அழுத்தினாள். மணி போனது.

"கிளம்பி..." என்று வழக்கமான பதிலை ஆரம்பித்தான் ஸ்பேனர்.

"வணக்கம். தாங்கள் இப்போது எவ்விடத்தில் இருக்கிறீர்கள்?"

நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. பின்னால் எங்கோ லிஃப்ட் கம்பி மெல்ல ஆடும் கிறீச். அவன் வைத்துவிடுவான் என்று நான் நினைத்தேன். கன்ட்ரோல் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்..." என்றது ஸ்பீக்கர். மறுபடி நின்றது. "நான் நான்காவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட்டின் மேற்புறத்தில் அமர்ந்திருக்கிறேன்."

கன்ட்ரோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"தாங்கள் அனுப்பிய இணைப்பைச் சற்று முன்புதான் அழுத்தினேன்" என்றாள். குரல் மட்டும் செய்தி வாசிப்பவளுடையதாக இருந்தது. கை மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தது. "தாமதத்திற்கு வருந்துகிறேன். இங்கே ஒரு தொழில்நுட்பக் கோளாறு."

தொழில்நுட்பக் கோளாறு என்றபோது என்னைப் பார்த்தாள். நான் கும்பிட்டேன்.

"தங்களுக்கு... வருத்தம் ஏதும்..." என்றான் அவன்.

"இல்லை. மாலை ஐந்தரை மணிக்கு வந்துவிடுவேன். ஒன்றே ஒன்று. அடுத்த முறை தங்கள் பெயரையும் எழுதவும்."

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தம் வந்தது: டங். பிறகு கொஞ்சம் கீழே டங், இன்னும் கீழே டங்கென்று சுவர் சுவராக மோதிக்கொண்டு போய், ரொம்ப அடியில் பெரிதாக ஒன்று.

"ஐயோ! என்னாச்சு? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? பெல்ட் மாட்டியிருக்கீங்கல்ல? பேசுங்களேன்!" கன்ட்ரோல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். எத்தனையோ பேரை எத்தனையோ இருட்டுக்குள் பேசியே உட்கார வைத்தவளின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லங்க" என்றான் ஸ்பேனர். சிரிக்கிறான் என்பது ஸ்பீக்கரிலேயே தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கேன். கையில இருந்த ஸ்பேனர்தான் விழுந்துருச்சு."

"கீழ யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. கீழ தடுப்புப் போட்டுட்டுத்தான் ஏறினேன்."

"சரி, பாத்து இறங்குங்க. நாலு மணிக்கெல்லாம் வேலைய முடிச்சுட்டுக் கை காலக் கழுவிட்டு வாங்க. கிரீஸோட வந்துராதீங்க."

"சரிங்க."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை. அங்கே நான் நிற்பதற்கு இனிமேல் எந்தப் பாதுகாப்புக் காரணமும் இல்லை என்பது எனக்கே உறைத்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்து, அந்த நம்பருக்குப் போட்ட தடையை நீக்க உட்கார்ந்தேன். அதை நீக்க, நான் மனிதன்தான் என்று நிரூபிக்கும்படி கம்ப்யூட்டர் கேட்டது. ஒன்பது படங்களைக் காட்டி, எதிலெல்லாம் படிக்கட்டு இருக்கிறது என்றது. முதல் தடவை தப்பாகச் சொன்னேன்.